‘உன் வீட்டு ரத்தம்’ என்கிறார்களா? எக்ஸிமாவும் மரபணுவும்

கேள்வி ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவரிடமிருந்து வந்தது. சிறு வயது முதல் அவருக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளில் எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு சொரசொரப்பாகி ஓயாமல் அரிக்கும் நோய். மூத்த பையனுக்கு மூன்றாம் மாதமே கன்னத்தில் ஆரம்பித்துவிட்டது. கணவருக்குத் தோலில் ஒன்றுமில்லை. மாமியாருக்கு வீசிங் உண்டு. “உன் வீட்டு ரத்தம்தான் பிள்ளைக்கு வந்திருக்கு” என்று வீட்டில் சொல்கிறார்களாம். மரபணு பரிசோதனை செய்தால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு வருமா வராதா என்று தெரிந்துவிடுமா, சாப்பாட்டில் எதையெல்லாம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, முதலில் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். நான் தோல் மருத்துவர். தினமும் இந்தப் பிள்ளைகளைத்தான் பார்க்கிறேன். எக்ஸிமாவில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஆனால் வழிவழியாக வருவது எக்ஸிமா என்ற நோய் அல்ல. ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாத ஒரு தோலும், சின்னத் தூண்டலுக்கே சீறி எழும் ஒரு எதிர்ப்பாற்றலும்தான் வருகின்றன. அவை இரண்டு குடும்பங்களிலிருந்தும் வரும். கொடுத்தவருக்கே தான் கொடுத்தது தெரியாமல் இருப்பதும் சகஜம்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். எட்டு மாதக் குழந்தையோடு ஒரு தம்பதி வந்தார்கள். குழந்தையின் இரண்டு கைகளிலும் சாக்ஸ் மாட்டி, நழுவாமல் இருக்க மணிக்கட்டில் துணி நாடாவால் கட்டியிருந்தார் அம்மா. ஒரு சாக்ஸின் நுனியில் காய்ந்த ரத்தப் பொட்டுகள்; ராத்திரி முழுக்கக் கன்னத்தை அதோடேயே தேய்த்திருக்கிறது பிள்ளை. அந்த அம்மாவுக்குச் சிறு வயதில் எக்ஸிமா இருந்ததாம். அப்பா, “எங்க பக்கம் யாருக்கும் இல்லீங்க டாக்டர்” என்றார். அவர் கையைக் காட்டச் சொன்னேன். கட்டைவிரல் மேட்டிலும் உள்ளங்கை முழுவதும், வழக்கமான ரேகைகளுக்கு நடுவே நெருக்கநெருக்கமாக மெல்லிய கோடுகள், வற்றிய குளத்து மண்ணைப் போல. மேல்கையின் வெளிப்புறத்தைத் தடவினால் முள்முள்ளாக இருந்தது. பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். காலின் முன்புறம் மீன் செதில் மாதிரி வெடிப்பு. “இது எனக்குச் சின்னதிலிருந்தே இருக்குங்க. மார்கழியில ஜாஸ்தியாகும். எங்கப்பாவுக்கும் இப்படித்தான்” என்றார். அதை ஒரு தோல் பிரச்சினை என்று அவர்கள் வீட்டில் யாரும் நினைத்ததே இல்லை.

அந்தக் கோடுகளும் செதிலும்தான் எக்ஸிமாவின் மரபியலில் இதுவரை கிடைத்த மிகப் பெரிய தடயம். செதில் தோலுக்கு மருத்துவத்தில் இக்தியோசிஸ் வல்காரிஸ் என்று பெயர். 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீனின் குழு, அயர்லாந்தின் டப்ளினில் இருந்த தோல் மருத்துவர் ஆலன் இர்வின் முதலானோரோடு சேர்ந்து, இந்தச் செதில் தோலுக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தது. ஃபிலாகிரின் என்ற புரதத்துக்கான மரபணு அது. செதில் தோல் உள்ள குடும்பங்களில் எக்ஸிமாவும் நிறைய இருந்தது அவர்கள் கண்ணில் பட்டது. அந்த மரபணுவில் கண்ட அதே மாற்றங்களை எக்ஸிமா நோயாளிகளிடமும் தேடினார்கள். அதே ஆண்டிலேயே விடை கிடைத்தது. இதே மாற்றங்கள்தான் எக்ஸிமாவுக்கும் வலுவான காரணி. அதுவரை எக்ஸிமாவை அலர்ஜியால் வரும் நோய், தோல் வெறும் பாதிக்கப்பட்ட இடம் என்றே பெரும்பாலோர் பார்த்து வந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் பார்வை திசை மாறியது. முதல் பழுது தோலிலேயே இருக்கலாம், ஒவ்வாமை அதன் பின்னால் வரலாம் என்று ஆனது.

இந்த மரபணு முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. இத்தனை வருடம் பிடிபடாமல் இருந்ததற்கு அதன் அமைப்பே காரணம். 324 அமினோ அமிலம் கொண்ட ஒரே வரிசை, ஏறக்குறைய மாற்றமில்லாமல், பத்து முதல் பன்னிரண்டு தடவை அடுத்தடுத்து வரும். பல்லவியையே மறுபடி மறுபடி பாடிக்கொண்டிருக்கும் பாட்டில், எந்தச் சுற்றில் தாளம் தப்பியது என்று கண்டுபிடிப்பது போன்ற வேலை. எத்தனை தடவை வருகிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். பன்னிரண்டு உள்ளவர்களுக்கு, பத்து உள்ளவர்களை விட எக்ஸிமா ஆபத்து குறைவு என்று பின்னர் அயர்லாந்துக் குழந்தைகளிடம் பார்த்தார்கள். எழுத்துப் பிழையே இல்லாத மரபணுவிலும், சரக்கு கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலே தோல் மாறுகிறது என்று அர்த்தம்.

ஃபிலாகிரின் செய்கிற வேலை இரண்டு. தோலின் மேலடுக்குச் செல்கள் சாகும் தறுவாயில், உள்ளே இருக்கும் கெரட்டின் என்ற புரத இழைகளை இறுக்கிச் சேர்த்து, செல்லைத் தட்டையான தகடாக்கும். கோரையைச் சேர்த்து இறுக்கிப் பாய் முடைவது போல. வேலை முடிந்ததும் அதுவே உடைந்து சிறிய அமினோ அமிலங்களாகவும் அவற்றிலிருந்து பிறக்கும் பொருள்களாகவும் மாறும். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடி தானாகக் கசியும் அல்லவா? காற்றின் ஈரத்தை உப்பு இழுத்து வைத்துக்கொள்கிறது. இந்த உடைந்த துண்டுகளும் தோலின் ஈரத்தை அப்படித்தான் பிடித்து வைக்கின்றன. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மையோடு இருக்கவும் அவை உதவுகின்றன. அந்த அமிலம் குறைந்தால், தோல் செல்களை உதிர்க்கும் நொதிகள் அளவு மீறி வேலை செய்யும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியும் சுலபமாகக் குடியேறும். அந்தக் கிருமி எக்ஸிமாவை எரியவிடும் எண்ணெய்.

மனிதர் ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பழுதானால் ஃபிலாகிரின் ஏறக்குறைய பாதியாகும். தோல் கொஞ்சம் வறண்டிருக்கும், உள்ளங்கைக் கோடுகள் கூடும், பலருக்கு அத்தோடு சரி. இரண்டும் பழுதானால் செதில் தெளிவாகத் தெரியும். வட ஐரோப்பியரில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு ஒரு பிரதி பழுது. ஒரு பழுது இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. மூன்று மடங்கு என்றால் கட்டாயம் வரும் என்று பொருளல்ல. பழுது இருந்தும் ஆயுள் முழுக்க எக்ஸிமாவே வராதவர்கள் ஏராளம். எக்ஸிமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பழுது கிடையாது என்பதும் உண்மை.

அந்தப் பெரும்பாலோருக்கு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் உங்கள் மாமியாரின் வீசிங் கதைக்குள் வருகிறது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மரபணுத் தொகுப்பை முழுவதுமாக ஒப்பிட்ட ஆய்வுகள் 2009 முதல் நடக்கின்றன. 2015-ல் எக்ஸிமாவோடு தொடர்புடைய இடங்கள் 31 என்று கணக்கு வந்தது. 2023-ல் அது 91 ஆகிவிட்டது. பலவும் எதிர்ப்பாற்றல் சம்பந்தப்பட்டவை. ஐந்தாம் குரோமோசோமில் இன்டர்லூகின் 4, இன்டர்லூகின் 13 என்ற தகவல் புரதங்களின் மரபணுக்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் பகுதி அவற்றில் முக்கியமானது. ஆஸ்துமாவுக்கும் மூக்கு அலர்ஜிக்கும்கூட இதே இடங்களில் பல பொறுப்பு. ஒவ்வொன்றின் தாக்கமும் தனித்தனியாகப் பார்த்தால் கடுகளவு, சேர்ந்தால்தான் கனம். இந்தக் கடுகுகள் உங்களிடமும் இருக்கும், உங்கள் கணவரிடமும் இருக்கும், இதை வாசிக்கிற எல்லோரிடமும் இருக்கும். மாமியாரிடம் இழுப்பாக வெளிப்பட்டது, மகனிடம் ஒன்றும் காட்டாமல் கடந்து, பேரனிடம் தோலில் வந்திருக்கலாம். ஆகவே “உன் வீட்டு ரத்தம்” என்று ஒரு பக்கம் விரல் நீட்ட மருத்துவத்தில் இடமில்லை. நான் இதைச் சொல்வது பழியை அந்தப் பக்கம் தள்ளுவதற்கும் அல்ல.

இந்த இரண்டு வழிகளும் தனித்தனியாக ஓடவில்லை என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயம். இன்டர்லூகின் 4-ம் 13-ம் தோலில் கூடினால், மரபணு நல்ல நிலையில் இருந்தாலும் ஃபிலாகிரின் உற்பத்தி சரிந்துவிடும். தோல் பழுதானால் அழற்சி (சிவந்து வீங்கி எரிவது) வருகிறது, அழற்சி வந்தால் தோல் மேலும் பழுதாகிறது. இந்தச் சுற்றை எந்த இடத்தில் உடைத்தாலும் பலன் உண்டு. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசி இந்த இரண்டு புரதங்களின் சைகையைத்தான் மறிக்கிறது. மரபணுவைத் தொடாமலேயே தோல் தேறுகிறது. பையனுக்கு மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்பும் தன் அளவில் செய்வது இதே வேலைதான். அழற்சியை அடக்கினால், தோல் தன் ஈரத்தை மறுபடி சேர்க்க அவகாசம் கிடைக்கும். பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். அதே நேரம், கடையில் கேட்டு வாங்குகிற “படை மருந்து” டியூப் வேறு சங்கதி. அதில் வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சைக்கான மருந்தும் கலந்திருக்கும். அதைக் குழந்தையின் முகத்தில் வைக்கவே கூடாது.

மரபணு எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதற்கு நான் எப்போதும் சொல்வது டென்மார்க்கில் இரட்டையரை வைத்து நடந்த ஆய்வு. 1993-ல் வெளிவந்த கணக்கு இது: ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு எக்ஸிமா என்றால் மற்றவருக்கும் இருந்தது 72 சதவீத ஜோடிகளில். தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரில் அது 23 சதவீதம். ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே சோப்பு. வித்தியாசம் மரபணுவில் மட்டும்தான். அதனால் 23-க்கும் 72-க்கும் நடுவில் உள்ள தூரம் பரம்பரையின் பலம். 72-க்கும் 100-க்கும் நடுவில் உள்ளதைப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே மரபணு இருந்தும், நூற்றில் இருபத்தெட்டு ஜோடிகளில் ஒருவர் தப்பியிருக்கிறார். பரம்பரையாக வந்த தோல் எரியுமா, எப்போது எரியும் என்பதை வறண்ட காற்று, சோப்பு, கிருமி, கடினத் தண்ணீர் என்று எத்தனையோ சேர்ந்து முடிவு செய்கின்றன.

இனி பரிசோதனை. உங்களுக்கு வேண்டாம் என்பதே என் பதில். ஃபிலாகிரினில் பழுது இருக்கிறது என்று வந்தால் குழந்தைக்கு எக்ஸிமா வரும் என்று சொல்ல முடியாது. இல்லை என்று வந்தாலும் வராது என்று சொல்ல முடியாது. சிகிச்சையும் மாறப் போவதில்லை. இன்னொரு காரணம் நம்மைக் குறிப்பாகத் தொடுகிறது. 2006-ல் கண்டுபிடித்த முதல் இரண்டு மாற்றங்கள் ஐரோப்பியரிடம் அடிக்கடி வருபவை. ஜப்பானியருக்கு வேறு, சீனருக்கு வேறு. கிழக்கு லண்டனில் வாழும் வங்கதேசக் குடும்பங்களை ஆராய்ந்தபோது மேலும் பல வகைகள் வெளிவந்தன. ஆப்பிரிக்க வம்சாவளியினரில் இந்த மரபணுப் பழுதே மிகக் குறைவு, ஆனால் எக்ஸிமா குறைவில்லை. ஐரோப்பிய மாற்றங்களை மட்டும் தேடும் ஒரு பரிசோதனை, தமிழர் ஒருவருக்கு “ஒன்றுமில்லை” என்று சொன்னால் அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. அந்தப் பணத்தில் பையனுக்கு ஒரு வருடத்துக்கான மாய்ஸ்சரைசர் வாங்கலாம்.

பரிசோதனை அவசியமான குழந்தைகளும் உண்டு. பிறந்த சில நாளிலேயே உடம்பு முழுக்கச் சிவந்து உரிவது, முடி மூங்கில் கணு போல முடிச்சு முடிச்சாக உடைவது (நெதர்டன் நோய்), எக்ஸிமாவோடு அடிக்கடி நிமோனியா, சீழ்க்கட்டி வருவது, எடையே ஏறாமல் இருப்பது. இவை ஒற்றை மரபணுவின் பெரிய பழுதால் வருபவை. அங்கே பரிசோதனையே சிகிச்சையைத் தீர்மானிக்கும். நெதர்டன் நோயும், எதிர்ப்பாற்றல் குறைபாடுகளில் சிலவும், அம்மா அப்பா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் தோன்றும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் அந்த வாய்ப்பு அதிகம். உங்களுடையது சொந்தத்தில் நடந்த திருமணம் என்றால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் பையன் பற்றி நீங்கள் எழுதியதில் இப்படிப்பட்ட அறிகுறி ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். கத்திரிக்காய், கருவாடு என்று ஒரு பட்டியலைக் “கரப்பான் பண்டம்” என்று உங்களுக்கு நிச்சயம் சொல்லியிருப்பார்கள். குழந்தையின் எக்ஸிமாவைத் தடுக்க என்று கர்ப்பத்திலோ பால் கொடுக்கும்போதோ தாய் உணவை ஒதுக்குவதால் பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. முட்டை, பால், மீன், கடலை எல்லாவற்றையும் விட்டு, கடைசியில் ரசம் சாதத்தில் வந்து நிற்கும் தாய்மார்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். உங்களுக்கே ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை மட்டும் விடுங்கள். மற்றபடி நன்றாகச் சாப்பிடுங்கள்.

உண்மையில் உணவு ஒவ்வாமை விஷயத்தில் கவனிக்க வேண்டிய வாசல் வாய் அல்ல, உடைந்த தோல். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியதால் 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை அலர்ஜி வந்தது. அதுவரை கோதுமையைச் சாதாரணமாகச் சாப்பிட்டு வந்தவர்கள் அவர்கள். ஃபிலாகிரின் பழுது உள்ளவர்களுக்கு வேர்க்கடலை அலர்ஜி அதிகம் என்று 2011-ல் தெரிந்தது. அதற்கு நேர்மாறாக, எக்ஸிமா கடுமையாக இருந்த குழந்தைகளுக்கும் முட்டை அலர்ஜி இருந்த குழந்தைகளுக்கும் ஒரு வயதுக்குள்ளேயே வேர்க்கடலையை வாய் வழியாகக் கொடுத்துப் பழக்கியபோது, கடலை அலர்ஜி வெகுவாகக் குறைந்தது. லண்டனில் நடந்து 2015-ல் வெளிவந்த ஆய்வு அது. எக்ஸிமா கடுமையாக இருக்கும் குழந்தைக்கு இதை மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். முழுக் கடலையாக அல்ல, குழைத்து. உணவு உடைந்த தோல் வழியாகப் போகக் கூடாது என்பதால், குளிப்பாட்டும்போது கடலை மாவு, பயத்தமாவு போட்டுத் தேய்க்காதீர்கள். பாட்டி தேய்த்துத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம், சரிதான்; ஆனால் ஏற்கெனவே விரிசல் விட்ட தோலுக்கு அது ஆகாது.

பிறந்த நாள் முதல் மாய்ஸ்சரைசர் தடவினால் எக்ஸிமாவைத் தடுத்துவிடலாமா? நாங்கள் எல்லோருமே ஆகும் என்று நம்பினோம். 2014-ல் சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. பிறகு பிரிட்டனில் குடும்பத்தில் அலர்ஜி உள்ள 1,394 பச்சிளங்குழந்தைகளை வைத்துப் பெரிதாகச் செய்து பார்த்தார்கள். ஒரு வருடம் தினமும் தடவிய குழந்தைகளில் இரண்டு வயதில் எக்ஸிமா 23 சதவீதம். தடவாதவர்களில் 25 சதவீதம். அதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. 2020-ல் அந்த முடிவு வந்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். வராமல் தடுக்க அது போதாது என்று அன்றிலிருந்து பெற்றோரிடம் நேராகவே சொல்கிறேன். வந்த பிறகு சிகிச்சைக்கு அதுதான் அஸ்திவாரம் என்பதில் மட்டும் மாற்றமில்லை. உங்கள் மூத்தவனுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடக் குளியல், நுரை அதிகமில்லாத சோப்பு, துடைத்த ஈரம் காயும் முன்பே கனமாக ஒரு பூச்சு. தேங்காய் எண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது என்றால் தாராளமாகத் தடவுங்கள். பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் செய்த ஆய்வில் சுத்தமான தேங்காய் எண்ணெய், மினரல் ஆயிலை விட நன்றாகவே வேலை செய்தது. ஆலிவ் எண்ணெய் வேண்டாம். அது தோலின் தடுப்பை நலிவடையச் செய்கிறது.

வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு வரும் வாய்ப்பு மற்ற குழந்தைகளை விட அதிகம்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். வராமலே போகவும் இடம் உண்டு. வந்தாலும் அண்ணனை விட லேசாக இருக்கலாம். பிறந்த பிறகு முதல் ஆறு மாதம் கன்னத்தையும் நெற்றியையும், கை கால்களின் வெளிப்புறத்தையும் தினமும் விரலால் தடவிப் பாருங்கள். பாடப் படங்களில் இருக்கிற இளஞ்சிவப்பு நம் நிறத் தோலில் தெரியாது. சாம்பல் பூத்த மாதிரியோ, கொஞ்சம் கறுத்தோ, சொரசொரப்பாகவோதான் தொடங்கும். கண்ணை விட விரல் முதலில் கண்டுபிடிக்கும். சொரசொரப்பு இரண்டு மூன்று நாள் நீடித்தால் காத்திருக்காமல் காட்டுங்கள். அப்போது கணவரையும் மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள். அவர்கள் உள்ளங்கையையும் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும்.